டப்பா மேல் போட்ட ஸ்பீடும் வெளுத்துப்போன வானமும்: ஸ்லைடு பிலிம் கேள்வி – பதில்

நெகட்டிவ் பிலிமில் கை பழகியவர்கள் ஒரு ரோலாவது ஸ்லைடு (கழுவியதும் பிலிமிலேயே நேரான நிறத்தில் படம் நிற்கிற பிலிம்) போட்டுப் பாருங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். போட்டுப் பார்த்திருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "எல்லாம் வெளுத்துப்போய் வந்திருக்கிறது" என்றுதான் ஆரம்பிக்கின்றன. ஸ்லைடு ரோல் விற்கிற விலையில், கழுவுகிற செலவையும் சேர்த்தால் அது சின்ன நஷ்டம் கிடையாது, அதுவும் மாணவர்களுக்கு. அதனால் இந்த மாதம் வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை. பிலிம் ஸ்பீடு (பிலிம் வெளிச்சத்தை எவ்வளவு சீக்கிரம் பிடிக்கும் என்று டப்பாவில் போட்டிருக்கும் எண்), எக்ஸ்போஷர் (பிலிமில் விழ விடுகிற வெளிச்சத்தின் அளவு), எவ்வளவு பிசகினால் ஸ்லைடு தாங்கும், இது மட்டும்தான்.

கேள்வி: அண்ணா, மாமா கொடுத்த பழைய மேனுவல் கேமராவில் ஒன்றரை வருஷமாகக் கலர் நெகட்டிவ் எடுக்கிறேன். 400 பிலிமை 200 என்று வைத்து எடுத்தால் நன்றாக வரும் என்று நண்பர்கள் சொன்னார்கள், அப்படியே வந்தது. அதே பழக்கத்தில் எக்டாக்ரோம் 100 ஸ்லைடை 50 என்று வைத்து மெரினாவில் ஒரு ரோல் எடுத்தேன். வானமே இல்லை, அலையின் நுரையும் இல்லை, எல்லாம் வெள்ளை. தப்பு பிலிமிலா, லேபிலா? ஒரு துண்டு அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். — கல்லூரி மாணவர், பெரம்பூர்

பதில்: தம்பி, இரண்டிலும் இல்லை. நீங்கள் அனுப்பிய துண்டைப் பார்த்தேன். ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இருக்கிற பட்டை நல்ல கறுப்பாக இருக்கிறது, ஓரத்தில் எண்களும் எழுத்தும் பளிச்சென்று தெரிகின்றன. அந்தப் பட்டையில் வெளிச்சமே பட்டதில்லை, ஓர எழுத்து கம்பெனியிலேயே பதிந்து வருவது. இரண்டும் ஒழுங்காக இருந்தால் கழுவியது சரியென்று பெரும்பாலும் நம்பலாம். லேபைச் சந்தேகப்படும் முன் எல்லோரும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். உங்கள் பிசகு அந்த 50-ல் இருக்கிறது.

நெகட்டிவில் வெளிச்சம் கூடினால் பிலிம் கறுக்கும். கறுத்தாலும் அந்தக் கறுப்புக்குள் விவரம் இருக்கும், பிரிண்ட் போடுகிறவரோ ஸ்கேன் செய்கிறவரோ அதை வெளியே எடுத்துவிடுவார். இரண்டு ஸ்டாப், சில பிலிமில் மூன்று ஸ்டாப் கூடினால்கூட உங்களுக்குத் தெரியாமலே சமாளித்துக் கொடுத்துவிடுவார். (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பது அல்லது பாதியாவது, அவ்வளவுதான்.) ஸ்லைடில் நடுவில் அப்படி ஒரு ஆளே கிடையாது. கேமராவுக்குள் போன பிலிம்தான் கடைசியில் கையில் வருகிற படம். வெளிச்சம் கூடக் கூட அதில் சாயம் குறைந்துகொண்டே போகும், ஒரு கட்டத்தில் சாயம் மொத்தமும் போய் வெறும் பிளாஸ்டிக் மட்டும் நிற்கும். அங்கே வானம் இருந்ததா, மேகம் இருந்ததா என்று எந்த ஸ்கேனராலும் சொல்ல முடியாது. குழம்பில் உப்பு குறைந்தால் இலையில் கொஞ்சம் போட்டுப் பிசைந்துகொள்ளலாம், கூடிவிட்டால் என்ன செய்வது? கொஞ்சம் இருண்ட ஸ்லைடைப் பின்னால் பலமான வெளிச்சம் வைத்துப் பார்க்கலாம், ஸ்கேனிலும் ஓரளவு தூக்கலாம். வெளுத்த ஸ்லைடு வெளுத்ததுதான்.

நெகட்டிவில் 400-ஐ 200 என்று வைப்பது நல்ல பழக்கம், அதை விடாதீர்கள். 100 ஸ்லைடை 50 என்று வைத்தால் படம் முழுவதும் ஒரு ஸ்டாப் ஓவர், அதாவது வெளிச்சம் அதிகம் (குறைந்தால் அண்டர்). ஸ்லைடுக்கு அரை ஸ்டாப் பிசகே கண்ணில் படும், ஒரு ஸ்டாப் ஓவர் என்றால் மெரினா மாதிரி வெட்டவெளியில் வானம், நுரை, மணல் மூன்றும் போய்விடும்.

இன்னொன்று பாருங்கள், பலருக்குத் தெரியாத விஷயம். 35 மி.மீ. பிலிம் உருளையின் மேல் வெள்ளியும் கறுப்புமாகச் சதுரம் சதுரமாகக் கட்டம் இருக்கும். அது டிஎக்ஸ் குறியீடு, 1983-ல் கோடக் கொண்டுவந்தது. அதில் ஸ்பீடு மட்டும்தான் எழுதியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் பிலிம் எவ்வளவு பிசகைத் தாங்கும் என்பதும் அதிலேயே இருக்கிறது, நான்கு வகையாக: இரண்டு பக்கமும் அரை ஸ்டாப், இரண்டு பக்கமும் ஒரு ஸ்டாப், ஓவரில் இரண்டு அண்டரில் ஒன்று, ஓவரில் மூன்று அண்டரில் ஒன்று. கடைசி இரண்டில் ஓவர் பக்கம் மட்டும் தாராளமாக இருக்கிறதே, அந்தத் தாராளம் நெகட்டிவின் குணம். பெரும்பாலான கேமராக்கள் இந்தப் பகுதியைப் படிப்பதே இல்லை, ஸ்பீடை மட்டும் படித்துக்கொண்டு போய்விடும். நாம்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அப்பா எண்பதுகளில் எடுத்த ஸ்லைடுகள் பரணில் ஒரு பிஸ்கட் டின்னில் கிடைத்தன. கூடவே பிரிக்காத ஒரு ரோலும் இருக்கிறது. 'ஆர்வோ யூடி 18' என்று போட்டிருக்கிறது. 18 ஸ்பீடில் எப்படிப் படம் எடுத்தார்? இப்போது வாங்கிய பெட்டியில் 100/21° என்று இருக்கிறதே, அந்த 21 என்ன? — வாசகி, திருவான்மியூர்

பதில்: 18 என்பது ஜெர்மன்காரர்களின் டின் (DIN) என்ற ஸ்பீடு கணக்கு. அமெரிக்கக் கணக்கான ஏஎஸ்ஏ-வில் அது 50. ஆர்வோ கிழக்கு ஜெர்மனியில் வொல்ஃபென் என்ற ஊரில் தயாரானது, அந்தக் காலத்தில் இங்கே நிறையப் புழங்கிய பிலிம். உங்கள் அப்பா 50 ஸ்பீடில் எடுத்திருக்கிறார், அன்றைக்கு ஸ்லைடுக்கு அது சாதாரண ஸ்பீடுதான். கோடக்கின் கோடாக்ரோம் ஸ்லைடே பெரும்பாலும் 25, 64 என்றுதான் வந்துகொண்டிருந்தது.

1974 முதல் இந்த இரண்டு கணக்கையும் சேர்த்து ஐஎஸ்ஓ என்று ஒரே பெயரில் கொண்டுவந்தார்கள். முன்னால் வரும் 100 பழைய ஏஎஸ்ஏ எண், பின்னால் டிகிரி குறியோடு வரும் 21 பழைய டின் எண். முதல் எண் இரட்டித்தால் பிலிமுக்குப் பாதி வெளிச்சம் போதும். இரண்டாவது எண்ணில் மூன்று கூடினால் அதே அர்த்தம். 50-க்கு 18, 100-க்கு 21, 200-க்கு 24, 400-க்கு 27. எனக்கு என்னவோ ஸ்லைடுக்கு டின் கணக்குதான் பொருத்தமாகப் படுகிறது, ஏனென்றால் அதில் ஒரு எண் கூடினால் சரியாக மூன்றில் ஒரு ஸ்டாப், ஸ்லைடில் நாம் திருத்துகிற அளவும் அதுவேதான். 100-க்கும் 200-க்கும் நடுவில் 125, 160 என்று டயலில் இருக்கிற புள்ளிகள் இந்த மூன்றில் ஒரு பங்குகள்.

பெரம்பூர்த் தம்பியின் கேள்விக்கு மிச்சப் பதிலும் இங்கேதான் இருக்கிறது. இந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது நெகட்டிவுக்கு ஒரு மாதிரி, ஸ்லைடுக்கு ஒரு மாதிரி. நெகட்டிவில் நிழல் பக்கத்தை மட்டும் பார்க்கிறார்கள்: எவ்வளவு குறைந்த வெளிச்சத்தில் பிலிமில் அளக்கக்கூடிய முதல் தடம் விழுகிறது? ஆக அந்த எண் கிட்டத்தட்ட 'இதற்குக் கீழே போகாதே' என்று சொல்கிற எண், அதற்கு மேல் கொஞ்சம் கொடுத்தால் நல்லதுதான். ஸ்லைடில் வெளுத்த பக்கத்தில் ஒரு புள்ளி, கறுத்த பக்கத்தில் ஒரு புள்ளி எடுத்து, இரண்டுக்கும் நடுவை வைத்து ஸ்பீடு போடுகிறார்கள். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஏதோ ஒரு முனை இடிக்கும். ஒரே மாதிரி 100 என்று அச்சடித்திருந்தாலும் இரண்டு டப்பாவும் ஒரே சேதியைச் சொல்லவில்லை.

பிரிக்காத அந்த ரோலில் படம் எடுத்துவிட்டு வழக்கமான லேபில் கொடுத்துவிடாதீர்கள். ஆர்வோவைக் கழுவும் முறை வேறு, இப்போதைய ஸ்லைடுகளைக் கழுவும் இ-6 என்ற ரசாயனம் அதற்கு ஆகாது. நினைவுக்காக அப்படியே வைத்திருங்கள். அப்பாவின் ஸ்லைடுகளை மட்டும் பிஸ்கட் டின்னில் மறுபடி போடாமல் காற்றோட்டமான, ஈரம் இல்லாத இடத்துக்கு மாற்றுங்கள், நம் ஊர்க் காற்றில் பூஞ்சை பிடிக்க ஒரு மழைக்காலம் போதும்.

கேள்வி: மயிலாப்பூரில் காலையில் கோலம், கோபுரம், வேட்டி கட்டிய பெரியவர்கள் என்று எடுக்கிறேன். 100 பிலிமை 100 என்றுதான் வைக்கிறேன், கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் சொன்னபடிதான் எடுக்கிறேன். கோலம் வெளுத்துவிடுகிறது, வேட்டி கட்டியவரைக் கிட்டத்தில் எடுத்தால் அவர் முகம் இருண்டுவிடுகிறது. ஒரே மீட்டர் ஏன் இரண்டு மாதிரி சொல்கிறது? — வங்கி ஊழியர், மந்தைவெளி

பதில்: மீட்டர் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் சொல்கிறது, அதுதான் பிரச்சினையே. தன் முன்னால் எது இருந்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்குவது எப்படி என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். தண்ணீர் தெளித்த கறுத்த வாசலில் கோலம் இருக்கிறது, மீட்டருக்குக் கண்ணில் படுவது பெரும்பாலும் கறுப்பு, 'இதைச் சாம்பலாக்க வேண்டும்' என்று வெளிச்சத்தைக் கூட்டச் சொல்கிறது. மெல்லிய மாவுக் கோடு அதில் கரைந்துபோகிறது. வேட்டி பிரேம் முழுவதும் இருந்தால் அந்த வெள்ளையைச் சாம்பலாக்க வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்கிறது, முகம் இருண்டுபோகிறது.

இந்தப் பாடத்தை நான் வேடந்தாங்கலில் கற்றேன். முதல் தடவை ஸ்லைடு எடுத்துக்கொண்டு போனபோது, ஏரிக்குள் நிற்கிற மரங்களின் கரும்பச்சையை அளந்துகொண்டு அதே எக்ஸ்போஷரில் கொக்குகளை எடுத்துத் தள்ளினேன். இலை ஒவ்வொன்றும் அழகாக வந்தது. கொக்கு இருந்த இடத்திலெல்லாம் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தது மாதிரி கொக்கு வடிவத்தில் வெறும் ஓட்டை. இரண்டு ரோல். ஒரு இறகு வரிகூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து ஸ்லைடு கையில் இருந்தால், படத்தில் விவரத்தோடு வரவேண்டிய மிக வெளிச்சமான பொருள் எது என்று முதலில் பார்க்கிறேன், அதைத்தான் அளக்கிறேன்.

எப்படி என்று சொல்கிறேன். ஸ்பாட் மீட்டர் (ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கும் மீட்டர்) இருந்தால் வேட்டியின் வெளிச்சம் படும் இடத்தை மட்டும் அளந்து, மீட்டர் சொன்னதற்கு ஒன்றரை ஸ்டாப் கூடுதலாகக் கொடுங்கள். ஷட்டர் 1/500 செகண்ட், அப்பர்ச்சர் (லென்ஸின் துளை) எஃப் 8 என்று காட்டினால் 1/250 வைத்து அப்பர்ச்சரை 8-க்கும் 5.6-க்கும் நடுவில் திறங்கள். வேட்டி வெள்ளையாகவும் இருக்கும், மடிப்பும் தெரியும். இரண்டு ஸ்டாப் வரை போகலாம், அது எல்லை. இரண்டரை போனால் மடிப்பு மறைந்து துணி காகிதமாகிவிடும். இருட்டுப் பக்கத்தில் இரண்டு ஸ்டாப் குறைந்தால் விவரம் இருக்கும், மூன்றில் அநேகமாகக் கறுப்பு. ஆக மேலிருந்து கீழ் வரை உங்களுக்குக் கிடைப்பது சுமார் ஐந்து ஸ்டாப். வெயிலில் ஒரு வேட்டி, பக்கத்துத் திண்ணை நிழலில் ஒரு பாட்டி என்றால் அது ஐந்தைத் தாண்டிவிடும். யார் முக்கியம் என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும், அல்லது பாட்டியை வெளியே வரச் சொல்ல வேண்டும், அல்லது வேட்டிக்காரர் நிழலுக்குள் வருகிற வரை காத்திருக்க வேண்டும். நான் பெரும்பாலும் காத்திருக்கிறவன்.

ஸ்பாட் மீட்டர் இல்லையா, உங்கள் உள்ளங்கை இருக்கிறது. படம் எடுக்கிற பொருள் மேல் விழும் அதே வெளிச்சத்தில் உள்ளங்கையைக் காட்டி, பிரேம் முழுவதும் அதுவே தெரியும்படி கேமராவைக் கிட்டே கொண்டுபோய் அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். உள்ளங்கை சாம்பலை விட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளுப்பு, ஆளுக்கு ஆள் தோல் நிறம் மாறினாலும் உள்ளங்கை அவ்வளவாக மாறுவதில்லை. கோலத்துக்கு இதைவிட எளிய வழி இல்லை.

நல்ல வெயிலில் மீட்டரே வேண்டாம் என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு: அப்பர்ச்சர் எஃப் 16, ஷட்டர் பிலிம் ஸ்பீடுக்குப் பக்கத்து எண், அதாவது 100 பிலிமுக்கு 1/125. ஸ்லைடில் எனக்கு இது பல தடவை மீட்டரை விட நன்றாக வேலை செய்திருக்கிறது, ஏனென்றால் இது பொருளின் நிறத்தைப் பார்ப்பதில்லை, சூரியனை மட்டும் நம்புகிறது. கடற்கரை மணலில் இதையும் அரை ஸ்டாப் குறையுங்கள். ஆனால் சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே நிற்கும், முகத்தில் கண் இருக்கும் இடம் இரண்டு குழியாகிவிடும். எக்ஸ்போஷர் எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்தப் படம் தேறாது. கபாலீசுவரர் கோயில் கிழக்குக் கோபுரத்தைக் காலையில் கிழக்கு வாசல் தெருவில் நின்று எடுங்கள், மாலையில் குளத்தின் மேல்கரைக்குப் போய்விடுங்கள். இரண்டு நேரமும் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், ஐந்து ஸ்டாப்புக்குள் கோபுரத்தின் வண்ணம் அத்தனையும் அடங்கும்.

கேள்வி: ஃபுஜியின் வெல்வியா 50 ஸ்லைடை 40 என்று வைக்க வேண்டும் என்கிறார் ஒருவர், 64 என்று வை, கலர் கெட்டியாக வரும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி? பத்திரத்துக்கு ஒவ்வொன்றையும் எக்ஸ்போஷர் மாற்றி மூன்று மூன்று எடுத்தால் 36-ல் 12 படம்தானே மிஞ்சும்? — ஐடி ஊழியர், பெருங்குடி

பதில்: இரண்டு பேரும் தங்கள் கேமராவைப் பற்றிச் சொல்கிறார்கள், இரண்டு பேரும் சரியாகவே சொல்லக்கூடும். வெல்வியா 1990-ல் வந்த நாளிலிருந்தே அதை 40 என்று வைத்து எடுப்பவர்கள் நிறைய. டப்பாவில் இருக்கும் 50 ஒழுங்கான ஆய்வுக்கூடத்தில் அளந்தது. உங்கள் கேமராவின் ஷட்டர் 1/250 என்று சொல்லிவிட்டு 1/200-ல் திறந்து மூடலாம், மீட்டர் மூன்றில் ஒரு ஸ்டாப் தள்ளிக் காட்டலாம். பழைய கேமராவில் 1.35 வோல்ட் பாதரச பேட்டரி போட வேண்டிய இடத்தில் இப்போது கிடைக்கிற 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டிருந்தால், பல மாடல்களில் மீட்டர் கூடுதல் வெளிச்சம் இருப்பதாக நினைத்துக்கொண்டு படத்தை அண்டர் ஆக்கும். நெகட்டிவ் எடுத்த காலத்தில் இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கவே வழியில்லை. ஸ்லைடு எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால் யாரையும் கேட்க வேண்டாம், ஒரு ரோலில் பத்துப் பதினைந்து படத்தை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். காலை ஒன்பது மணி வெயிலில், நேராக வெளிச்சம் விழுகிற ஒரு சுவர், அதன் முன்னால் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு நண்பர், கையில் நடுத்தரச் சாம்பல் நிறத்தில் ஒரு அட்டை. அட்டையை அளந்து, ஷட்டரைத் தொடாமல், ஐஎஸ்ஓ டயலை மட்டும் 32, 40, 50, 64, 80 என்று மாற்றி, ஒவ்வொரு தடவையும் அப்பர்ச்சர் வளையத்தைத் திருப்பி மீட்டர் ஊசியை நடுவுக்குக் கொண்டுவந்து ஒரு படம். எந்தப் படம் எந்த எண் என்று நோட்டில் எழுதுங்கள், நினைவில் இருக்கும் என்று நம்பாதீர்கள், இருக்காது. வேறு ஷட்டர் வேகத்தில் இன்னொரு சுற்று. கழுவி வந்ததும் வரிசையாக வைத்துப் பார்த்தால் எது உங்கள் எண் என்பதில் சந்தேகமே வராது. அந்தப் பிலிமுக்கு, அந்தக் கேமராவில், அந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள், பிறகு யார் எது சொன்னாலும் மாற்றாதீர்கள்.

மூன்று மூன்றாக எடுப்பது திரும்பக் கிடைக்காத காட்சிக்கு மட்டும், அதுவும் அரை அரை ஸ்டாப் இடைவெளியில். முழு ஸ்டாப் விட்டு மூன்று எடுத்தால், நடுவில் இருப்பது தவறினால் மற்ற இரண்டும் உதவாது. உங்கள் எண் தெரிந்த பிறகு சாதாரண வெளிச்சத்தில் ஒரு படம் போதும். ரோலுக்கு முப்பது நல்ல படம் கிடைக்கும்.

கேள்வி: இரவில் நேப்பியர் பாலத்து விளக்குகளை வெல்வியா 50-ல் எடுத்தேன். மீட்டர் 16 செகண்ட் சொன்னது, 16 செகண்டே கொடுத்தேன். இருண்டு, கொஞ்சம் பச்சையடித்து வந்திருக்கிறது. — ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவல்லிக்கேணி

பதில்: ஐயா, டப்பாவில் போட்ட ஸ்பீடு பகல் நேரத்து ஷட்டர் வேகங்களுக்குத்தான் பொருந்தும். பிலிமில் இருக்கும் வெள்ளி உப்புத் துகள் ஒன்று 'வெளிச்சம் பட்டது' என்று பதிந்துகொள்ள, கொஞ்ச நேரத்துக்குள் அடுத்தடுத்துச் சில ஒளித்துளிகள் அதன் மேல் விழ வேண்டும். இரவில் அவை விட்டுவிட்டு விழுகின்றன. முதல் துளி உண்டாக்கிய தடம் அடுத்தது வருவதற்குள் அழிந்துவிடுகிறது. அதனால் பிலிமின் உண்மையான ஸ்பீடு நேரம் நீள நீளக் குறைந்துகொண்டே போகும். மூன்று கலர் அடுக்குகளும் ஒரே அளவில் குறைவதில்லை, அந்தப் பச்சை அங்கிருந்து வருகிறது.

இது பிலிமுக்குப் பிலிம் மாறும், கம்பெனியே கணக்குக் கொடுத்திருக்கிறது. வெல்வியா 50-க்கு ஒரு செகண்ட் வரை எதுவும் வேண்டாம். 4 செகண்டுக்கு மூன்றில் ஒரு ஸ்டாப், 8-க்கு அரை, 16-க்கு மூன்றில் இரண்டு, 32-க்கு ஒரு முழு ஸ்டாப் கூட்ட வேண்டும், கூடவே பச்சையை அடக்க மெஜந்தா ஃபில்டர். 64 செகண்ட் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். நீங்கள் கொடுத்திருக்க வேண்டியது சுமார் 25 செகண்ட். ஃபுஜியின் ப்ரோவியா 100எஃப் இதில் அபூர்வமான பிலிம், 128 செகண்ட் வரை எந்தத் திருத்தமும் கேட்காது. இரவுக்கு அதையே வாங்குங்கள்.

ஒரு வேண்டுகோள். முழு இருட்டில் எடுக்காதீர்கள். விளக்குக்கும் இருட்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம் ஐந்து ஸ்டாப்பில் அடங்காது. சூரியன் மறைந்து இருபது நிமிஷத்தில் வானம் நீலமாக நிற்குமே, அப்போது பாலத்து விளக்கும் எரிந்துகொண்டிருக்கும், கூவத்துத் தண்ணீரிலும் வானத்து நீலம் தெரியும். நம் ஊரில் அந்த நேரம் சீக்கிரம் கரைந்துவிடும், முன்னாலேயே ஸ்டாண்டைப் போட்டுத் தயாராக நில்லுங்கள்.

கேள்வி: டிசம்பர் கச்சேரியில் ஃபிளாஷ் போட முடியாது. ப்ரோவியா 100-ஐ 400 என்று வைத்து எடுத்து, லேபில் புஷ் செய்யச் சொன்னால் வருமா? — வாசகி, தியாகராய நகர்

பதில்: வரும், ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி வராது. புஷ் என்றால் முதல் டெவலப்பரில் அதிக நேரம் வைப்பது. இ-6 முறையில் வழக்கமாக 6 நிமிஷம், ஒரு ஸ்டாப் புஷ்ஷுக்கு சுமார் 8 நிமிஷம். ஒரு ஸ்டாப், அதாவது 200 வரை, ப்ரோவியா நன்றாகத் தாங்கும். இரண்டு ஸ்டாப்பில் கறுப்பு வலுவிழந்து சாம்பலடிக்கும், வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் வித்தியாசம் கூடிவிடும், ஐந்து ஸ்டாப்பாக இருந்த இடம் இன்னும் சுருங்கும். மேடை வெளிச்சத்தில் பாடகியின் பட்டுப் புடவை ஜரிகைக்கும் பின்னால் இருக்கும் கறுப்புத் திரைக்கும் நடுவில் ஏற்கெனவே பெரிய பள்ளம். மேடை விளக்கின் நிறமும் பகல் வெளிச்சப் பிலிமுக்கு ஒத்துப்போகாது, பழைய பல்பு விளக்காக இருந்தால் எல்லாம் ஆரஞ்சு, அதை நீல ஃபில்டர் போட்டுச் சரிசெய்தால் இருக்கிற வெளிச்சத்திலும் இரண்டு ஸ்டாப் போய்விடும்.

கச்சேரிக்கு 800 ஸ்பீடு கலர் நெகட்டிவ் போடுங்கள். ஸ்லைடை மறுநாள் காலை சபா வாசலில், கேண்டீன் முன்னால், வெயிலில் எடுங்கள். புஷ் செய்தே தீருவேன் என்றால் ரோல் முழுவதையும் ஒரே எண்ணில் எடுத்து, உருளையின் மேலேயே மார்க்கரால் பெரிதாக எழுதிக் கொடுங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்த என் ரோல் ஒன்று சாதாரணமாகக் கழுவப்பட்டு, முழுக்க இருண்டு திரும்பி வந்தது.

கேள்வி: காலாவதியாகி எட்டு வருஷம் ஆன ஸ்லைடு ரோல் மலிவாகக் கிடைக்கிறது. பத்து வருஷத்துக்கு ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும் என்கிறார்களே? அப்புறம், விமானத்தில் கொண்டுபோகலாமா? — வாசகர், ஆவடி

பதில்: அந்தப் பத்து வருஷக் கணக்கு நெகட்டிவுக்குச் சொன்னது. ஸ்லைடு பழசானால் கறுப்பு மங்கும், நிறம் ஒரு பக்கம் சாயும். அதோடு நீங்கள் ஒரு ஸ்டாப்பும் கூட்டினால் வெளிச்சப் பகுதியும் போய், இரண்டு பக்கமும் இழந்த படம்தான் கிடைக்கும். டப்பா ஸ்பீடிலேயே எடுங்கள், மிஞ்சிப்போனால் மூன்றில் ஒன்று கூட்டுங்கள். எட்டு வருஷமும் ஃபிரிட்ஜில் இருந்ததா என்று முதலில் கேளுங்கள். சென்னைக் கோடையில் எட்டு வருஷம் அலமாரியில் இருந்த ரோல் என்றால் இலவசமாகக் கொடுத்தாலும், முக்கியமான எதற்கும் போடாதீர்கள். உங்கள் புது ரோலையும் ஃபிரிட்ஜில் டப்பாவைப் பிரிக்காமல் வையுங்கள், எடுக்கும் நாளில் சில மணி நேரம் முன்னாலேயே வெளியே வைத்துவிட்டு அப்புறம் பிரியுங்கள். சில்லென்று இருக்கும்போதே பிரித்தால் நம் ஊர் ஈரக்காற்று பிலிமின் மேல் வியர்த்துவிடும்.

விமானத்தில் லக்கேஜில் போட்டு அனுப்பவே கூடாது. கைப்பையில் கொண்டுபோனால், பழைய வகை எக்ஸ்ரேயில் 100 ஸ்பீடு பிலிம் ஒன்றிரண்டு தடவை போய்வந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் இப்போது வந்திருக்கும் சிடி (CT) ஸ்கேனர்கள் குறைந்த ஸ்பீடு பிலிமையும் கெடுக்கும் என்று கோடக்கே எச்சரிக்கிறது. ரோல்களை ஒளி ஊடுருவும் பையில் தனியாகப் போட்டு, கையால் சோதிக்கச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள்.

கேள்வி: புரொஜெக்டர் இல்லை. ஸ்லைடு சரியாக வந்திருக்கிறதா என்று எதில் வைத்துப் பார்ப்பது? — வாசகர், குரோம்பேட்டை

பதில்: போன் திரையை வெள்ளையாக்கி அதன் மேல் வைத்தால் திரையின் புள்ளிகள் தெரியும். நடுவில் இரண்டு விரல்கடை உயரத்தில் ஒரு பால்நிற அக்ரிலிக் துண்டை நிறுத்தி அதன் மேல் வையுங்கள், ஒரு லூப் (ஸ்லைடு மேல் வைத்துப் பார்க்கும் சின்ன பூதக்கண்ணாடி) வாங்கிக்கொள்ளுங்கள். சுற்றியிருக்கும் வெற்று வெளிச்சத்தைக் கறுப்புக் காகிதத்தால் மறைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கண் கூசி, சரியாக வந்த ஸ்லைடுகூட இருண்டதாகத் தெரியும். பார்க்கும்போது முகத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். மேகம், வேட்டி, கொக்கின் இறகு, எது வெள்ளையோ அதில் லூப்பை வைத்து வரி தெரிகிறதா என்று பாருங்கள்.